முதலில் அசையாததைப் பிடியுங்கள்: பயண ஏற்பாடு பற்றிய வாசகர் கேள்விகள்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘எத்தனை நாள் முந்தி ஆயத்தமாக வேண்டும்?’ என்பதுதான். நான் யாருக்கும் முதலில் சொல்வது ஒன்றே. உங்கள் பயணத்தில் எதை மாற்றவே முடியாது என்று பாருங்கள். திருவிழா நாளாக இருக்கலாம், விசாவாக இருக்கலாம், கூட வருகிற அம்மாவின் முழங்காலாக இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினால் மற்றதெல்லாம் தானாக இடத்தில் வந்து உட்காரும்.

நல்லூர்த் தேருக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக ஆசை. எழுபத்தைந்து வயது, முழங்கால் நோவு. ஒவ்வொரு வருடமும் ரயில் சீட் கிடைக்காமலே போகிறது. (வெள்ளவத்தை வாசகி)

நல்லூரில் தேதி வருடத்துக்கு வருடம் மாறும், கணக்கு மாறாது. ஆடி அமாவாசையிலிருந்து ஆறாம் நாள் கொடியேற்றம். திருவிழா 25 நாள். 24ஆம் நாள் தேர், ஆவணி அமாவாசையில் தீர்த்தம். பஞ்சாங்கம் கையில் இருந்தால் தை மாதத்திலேயே தேர் என்றைக்கு என்று குறித்துவிடலாம்.

ரயில் சீட் முன்பதிவு பயண நாளுக்கு 30 நாள் முந்தித் திறக்கும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கொடியேறிய செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் சீட் தேடத் தொடங்குகிறார்கள். தேருக்கு இரண்டு நாள் முந்திப் போக வேண்டுமென்றால் உங்கள் முன்பதிவு நாள் ஆடி அமாவாசைக்கும் ஏறத்தாழ நாலு நாள் முன்னதாக வந்துவிடும், அதாவது கொடியேற்றத்துக்கு ஒரு கிழமைக்கு மேல் முந்தி. அந்த நாளை இப்போதே கலண்டரில் வட்டமிடுங்கள். திரும்பி வரும் சீட் வேறொரு நாளில் திறக்கும், அதற்கு இன்னொரு வட்டம். தீர்த்தம் முடிந்த அன்று இரவே கொழும்புக்குத் திரும்ப எல்லோரும் நினைப்பார்கள். நீங்கள் ஒரு நாள் தங்கி அடுத்த நாள் பூங்காவனத் திருவிழாவையும் பார்த்துவிட்டு ஆறுதலாக வாருங்கள். சில ரயில்கள் கல்கிசையிலிருந்தே புறப்படுகின்றன. ஏறும் நிலையத்தைப் பதியும்போதே கவனித்தால் அம்மாவைக் கோட்டை நிலையத்தின் மேம்பாலப் படிகளில் ஏற்றி இறக்கும் வேலை இல்லாமல் போகலாம்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். தேரன்று கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் வாகனங்களுக்கு மூடியிருக்கும். இறங்கிய இடத்திலிருந்து நடக்க வேண்டும், அதுவும் வெறுங்காலோடு மணலில். காலை ஏழு மணிக்கு அந்த மணல் குளிர்ச்சி, பத்து மணிக்குக் கால் வைக்க முடியாது. நெருக்கத்தில் உட்கார இடம் கிடையாது. நோகிற முழங்காலோடு மணலில் ஒவ்வொரு அடியும் இரண்டு அடி மாதிரி. அம்மா தேரைத்தான் பார்க்க வேண்டும் என்றால் கூட்டிக்கொண்டு போங்கள், அந்த ஆசைக்கு மேலே ஒன்றுமில்லை. ஆனால் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் அறையோ உறவினர் வீடோ பார்த்துவிடுங்கள், விடியமுன்னே போய் நிழலான ஓரத்தில் மடக்குக் கதிரை போட்டு உட்கார வையுங்கள். முருகனை ஆறுதலாகக் கும்பிட்டால் போதும் என்றால் பத்தாம் நாள் மஞ்சத் திருவிழாவை யோசியுங்கள். சனம் இருக்கும், ஆனால் தேரன்றைய நெரிசல் இருக்காது. அறையும் சீட்டும் கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. எது என்பதை அம்மாவிடமே கேட்டு முடிவெடுங்கள்.

நாங்கள் நாலு பேர் முதல்முறை இந்தியா போகிறோம். திருப்பதி, மதுரை, இராமேஸ்வரம். இருவரிடம் கடவுச்சீட்டே இல்லை. எதிலிருந்து தொடங்குவது? (கொட்டாஞ்சேனை வாசகர்)

கடவுச்சீட்டிலிருந்து. அது கைக்கு வரும்வரை விமான டிக்கெட் எடுக்க வேண்டாம், மலிவு விலை எவ்வளவு இழுத்தாலும். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் காலாவதித் தேதியைப் பார்க்கட்டும். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

அடுத்தது பெயர். எங்கள் ஆட்களுக்கு விமான நிலையத்தில் வருகிற தலையிடியில் பெரிய பங்கு இதற்குத்தான். அப்பாவின் பெயர் முன்னாலா பின்னாலா, முதலெழுத்து மட்டும் போட்டால் போதுமா என்று ஆளுக்கொரு விதமாக நிரப்பிவிடுகிறோம். ஊகிக்கத் தேவையில்லை. படம் இருக்கும் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரி இருக்கும். மேல் வரியில் எல்கேஏ என்ற மூன்றெழுத்துக்கு அடுத்து வருவது குடும்பப் பெயர். இரட்டை அம்புக்குறிக்குப் பின்னால் வருவது மற்றப் பெயர்கள். விசாப் படிவத்திலும் டிக்கெட்டிலும் அதே ஒழுங்கில், அதே எழுத்துக்கூட்டலில் நிரப்புங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரும் வேண்டாம், பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்தும் வேண்டாம்.

இனிப் பின்னோக்கி எண்ணுங்கள். திருப்பதியில் 300 இந்திய ரூபா சிறப்புத் தரிசன டிக்கெட் ஏறத்தாழ மூன்று மாதம் முந்தியே இணையத்தில் வெளியாகும், வந்த வேகத்தில் முடிந்தும் போகும். அடையாளமாகக் கடவுச்சீட்டு இலக்கத்தைக் கொடுத்தால் மலையில் அதே கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். இந்திய ரயில்களில் முன்பதிவு 60 நாளுக்கு முந்தித் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது, பழைய கணக்கை நம்பியிருக்காதீர்கள். சுற்றுலாவுக்கான 30 நாள் இ-விசாவை வருகை நாளுக்கு முந்திய 30 நாளுக்குள்தான் கேட்கலாம், குறைந்தது நாலு நாள் இருக்க வேண்டும். இரண்டு கிழமை இருக்கும்போது போடுவது நல்லது. ஆக, கடவுச்சீட்டு, தரிசனம், ரயில், விசா என்பதே வரிசை. நாலைந்து மாதம் கையில் இருந்தால் மூச்சுவிட்டுச் செய்யலாம்.

விசாவுக்கு இந்திய அரசின் தளத்தை மட்டும் பாவியுங்கள், முகவரி ‘ஜிஓவி.ஐஎன்’ என்று முடியும். அச்சு அசலாக அதே மாதிரித் தோன்றும் தனியார் தளங்கள் இரண்டு மூன்று மடங்கு காசு பிடுங்குகின்றன. இ-விசா எல்லா வாசலிலும் செல்லாது. சென்னை, திருச்சி, மதுரை விமான நிலையங்களில் செல்லும். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் போக நினைப்பவர்கள் அனுமதிக்கப்பட்ட துறைமுகங்களின் பட்டியலைப் பார்த்துவிட்டு விசா போடுங்கள்.

தமிழ்நாட்டுப் பெரிய கோயில்கள் பல மத்தியானம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தி நாலு மணியளவில்தான் திறக்கும். கொழும்பில் இருந்து திட்டம் போடுகிறவர்கள் இதை மறந்து, பதினொன்றரைக்கு மதுரையில் இறங்கி மீனாட்சியைப் பார்க்க ஓடுகிறார்கள். மத்தியானத்தைச் சாப்பாட்டுக்கும் நித்திரைக்கும் விடுங்கள். இராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடுவதென்றால் மாற்றுடுப்பு கையில் இருக்கட்டும், தரை முழுக்க ஈரம், வயதானவர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்துவிட்டதால் ரயிலிலேயே தீவுக்குள் போய் இறங்கலாம். கடலுக்கு மேலே போகும் அந்தக் கொஞ்ச நேரத்தைப் பகல் வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் லீவில் பிள்ளைகளோடு நிலாவெளியில் கடல் குளிக்கலாமா? (வத்தளை)

வேண்டாம். அது வடகீழ்ப் பருவமழைக் காலம். கடல் கொந்தளிக்கும், புறாத்தீவுக்குப் படகு கிடைப்பதும் சந்தேகம். டிசம்பரில் தெற்குப் பக்கம் போங்கள், உனவட்டுன, மிரிஸ்ஸ. திமிங்கிலம் பார்க்கவும் அங்கே அதுதான் காலம். நிலாவெளியைச் சித்திரைக்குப் பிறகு, ஓகஸ்ட் லீவுக்கு வைத்திருங்கள்.

புதுவருடத்துக்கு மூன்று குடும்பம் சேர்ந்து வாடகை வானில் நுவரெலியா போக இருக்கிறோம். செலவு எகிறாமல் என்ன செய்யலாம்? (தெஹிவளை)

ஏப்ரல் நுவரெலியாவின் சீசன் மாதம். அறை விலை ஏறியிருக்கும். மாதத் தொடக்கத்திலோ கடைசிக் கிழமையிலோ போனால் அதே குளிர், அதே பூக்கள், செலவு மட்டும் குறைவு. 13, 14ஆம் தேதிகளில்தான் போக வேண்டும் என்றால் இரண்டு விஷயம். சாரதிமாரும் வருடப் பிறப்புக்கு வீட்டுக்குப் போகிறவர்கள்தான், வான் கிடைப்பது அருமை. வழியில் சாப்பாட்டுக் கடைகளும் பூட்டியிருக்கும், கட்டிக்கொண்டு போங்கள்.

வான் பேசும்போது வெறும் தொகையை மட்டும் பேசாதீர்கள். எத்தனை கிலோமீட்டர் வரை அந்தக் காசு, கூடினால் கிலோமீட்டருக்கு எவ்வளவு, டீசல் யாருடையது, நெடுஞ்சாலைக் கட்டணம் யாருடையது, சாரதியின் படி எவ்வளவு என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கி வையுங்கள். சாரதிக்குப் படுக்க இடம் இருக்கிறதா என்று விடுதியில் கேட்காமல் முற்பணம் கட்டாதீர்கள். மலையகக் குளிரில் வானுக்குள் சுருண்டு கிடந்த மனிதரை நம்பி மறுநாள் றம்பொடை வளைவுகளில் இறங்குவதில் எனக்கு உடன்பாடே இல்லை. இது உங்கள் பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்டது, அவருடைய உயிரும்தான்.

2025 நவம்பர் டித்வா புயலில் மலையகத்தின் வீதிகளும் ரயில் பாதையும் மோசமாக அடிபட்டன. மண்சரிவு எச்சரிக்கையையும் திறந்திருக்கும் வீதியையும் புறப்படுவதற்கு முதல் நாள் பாருங்கள், மழை என்றால் ஒரு நாளைத் தள்ளிப்போடத் தயாராக இருங்கள். ஹோட்டன் சமவெளி போவதானால் விடியப்புறம் புறப்பட வேண்டும், ஒன்பது பத்து மணிக்குப் பிறகு அங்கே ‘உலக முடிவு’ என்ற மலை விளிம்பில் பனிமூட்டம்தான் தெரியும். வாசலில் பொலித்தீனைக் கழற்றிவிடுவார்கள், சாப்பாட்டைப் பெட்டியில் கொண்டு போங்கள்.

என் கணவர் பயணத்தைக் கால் மணித்தியாலக் கணக்கில் அட்டவணை போடுகிறார். எனக்கு மூச்சு முட்டுகிறது. (பம்பலப்பிட்டி)

அவர் ரயில், விமானம், தரிசன நேரம் மூன்றையும் நிமிடக் கணக்கில் பார்க்கட்டும், அதில் அவர் செய்வது சரி. மற்ற நேரத்துக்கு ஒரு நாளைக்குக் காலை ஒன்று, மாலை ஒன்று, அவ்வளவுதான். நடுவில் உள்ளது உங்களுடையது என்று சொல்லிவிடுங்கள்.

அப்பா இன்சுலின் போடுகிறவர். சென்னைக்குப் போகும்போது எப்படிக் கொண்டு போவது? (முகத்துவாரம்)

கையில் கொண்டு போகும் பையில்தான். கீழே போடும் பொதியில் வைத்தால் குளிரில் உறைந்து பழுதாகலாம், பொதி வந்து சேராமலும் போகலாம். தேவைக்கு இரண்டு மடங்கு எடுத்து, இரண்டு பேரின் கைப்பைகளில் பிரித்து வையுங்கள். குளிர் உறை ஒன்று வாங்கினால் வெயிலுக்கு நல்லது, ஆனால் ஐஸ் கட்டி நேரே மருந்தில் படக்கூடாது. விடுதியில் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஐஸ் பெட்டியில் வேண்டாம். விமானத்தில் சாப்பாடு பிந்தலாம், பிஸ்கட்டும் குளுக்கோஸும் அப்பாவின் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். வைத்தியரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் கம்பனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் அளவும் இருக்க வேண்டும், ஏனென்றால் அதே மருந்து சென்னையில் வேறு பெயரில் விற்கும்.