ஜான் 'கிளார்க்கி' சூசா: கேள்வி பதில்

1950 உலகக் கோப்பையில் இங்கிலாந்தை 1-0 என்று தோற்கடித்த அமெரிக்கக் கால்பந்து அணியில் இன்சைடு லெஃப்ட் இடத்தில், அதாவது முன்கள வரிசையில் நடுவுக்கும் இடது ஓரத்துக்கும் இடையில், ஆடியவர் ஜான் சூசா. அவரைப் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: அண்ணா, அன்றைக்குக் கோல் போட்டது ஜோ கேட்ஜென்ஸ்தானே? சூசாவை ஏன் இவ்வளவு தூக்கிப் பேசுகிறீர்கள்?

கோல் கேட்ஜென்ஸுடையதுதான் தம்பி. ஜூன் 29, பெலோ ஒரிசோன்ட்டே, முதல் பாதி முடிய ஏழெட்டு நிமிடம் இருந்தது. அமெரிக்க அணியின் வால்ட்டர் பார் தூரத்திலிருந்து ஒரு ஷாட் அடித்தார். இங்கிலாந்து கோல்கீப்பர் பெர்ட் வில்லியம்ஸ் அதைப் பிடிக்க நகர்ந்துவிட்டார். கேட்ஜென்ஸ் குறுக்கே பாய்ந்து தலையால் உரசியதில் பந்து திசை மாறி வலைக்குள் போனது.

ஆனால் முன்கள வரிசையில் பந்தைக் காலோடு வைத்துக்கொண்டு, ஆளைத் தாண்டி, நேரம் பார்த்துப் பாஸ் கொடுக்கத் தெரிந்தவர் என்று பேர் வாங்கியவர் சூசாதான். இது என் அபிமானம் மட்டும் இல்லை. போட்டி முடிந்ததும் பிரேசில் பத்திரிகையான முண்டோ எஸ்போர்ட்டிவோ தேர்ந்தெடுத்த உலக அணியில் அவர் பெயர் இருந்தது. அடுத்த அமெரிக்கர் ஒருவர் உலகக் கோப்பையின் சிறந்த அணியில் இடம்பிடிக்க 2002-ல் கிளாடியோ ரெய்னா வரவேண்டியிருந்தது.

கேள்வி: 14 சர்வதேசப் போட்டி, 2 கோல். ஒரு ஃபார்வர்டுக்கு இது குறைச்சல் இல்லையா சார்?

எண்ணிக்கை சரி, முடிவு தவறு. அப்போது முன்னால் ஐந்து பேர் ஆடுவார்கள். சென்டர் ஃபார்வர்டும் இரண்டு விங்கர்களும் முன்னே நிற்க, இன்சைடு ஆட்டக்காரர்கள் இருவரும் சற்றுப் பின்தங்கி, நடுக்களத்திலிருந்து பந்தை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இன்றைய பத்தாம் நம்பர் ஆட்டக்காரரின் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, 1947-லிருந்து 1954 வரை அமெரிக்கா பெரும்பாலும் அடிவாங்கிய அணி. 1948, 1952 ஒலிம்பிக்ஸ் அணிகள் இரண்டிலும் சூசா இருந்தார். முதலாவதில் இத்தாலியிடம் 0-9, அடுத்ததில் அதே இத்தாலியிடம் 0-8.

கேள்வி: பேஸ்பால் தேசத்தில் இப்படி ஒருவர் எங்கிருந்து முளைத்தார்?

ஃபால் ரிவரிலிருந்து. மாசசூசெட்ஸில் இருக்கும் பஞ்சாலை ஊர். லங்காஷயரிலிருந்து வந்த ஆலைத் தொழிலாளர்கள் கால்பந்தைக் கொண்டுவந்தார்கள், போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்தவர்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 1920-களில் அந்த ஊரின் மார்க்ஸ்மென் அணி நாட்டையே ஆட்டிப்படைத்தது. ஒரு சங்கதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: மாசசூசெட்ஸில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குச் சட்டம் தடையாக இருந்தது. ஆலைக்காரர்களுக்கோ அன்றுதான் விடுமுறை. அதனால் உரிமையாளர் சாம் மார்க், மாநில எல்லையைத் தாண்டி ரோட் ஐலண்டின் டிவர்ட்டனில் மைதானத்தைக் கட்டிவிட்டார்!

சூசா 1920-ல் இந்த ஊரில் பிறந்தார். அவர் பத்து வயதைத் தாண்டியபோது பஞ்சாலைகளும் நொடித்தன, தொழில்முறை லீக்கும் படுத்துவிட்டது. மிச்சம் இருந்தவை சமூக கிளப்புகள். அசோர்ஸ் நகரத்தின் பெயரையே வைத்துக்கொண்ட போண்டா டெல்காடா அப்படி ஒன்று. இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்துவிட்டு வந்த சூசா ஆடியது அங்கேதான்.

கேள்வி: கிளப் அளவில் என்ன சாதித்தார்?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை, நீங்கள் கேட்டதில் சந்தோஷம். 1947-ல் போண்டா டெல்காடா, எல்லா கிளப்புகளும் மோதும் நேஷனல் சேலஞ்ச் கோப்பை, அமெச்சூர் அணிகளுக்கான அமெச்சூர் கோப்பை இரண்டையும் ஒரே ஆண்டில் தூக்கியது. அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் அந்த கிளப்பையே அமெரிக்க அணியாக ஹவானாவுக்கு அனுப்பிவிட்டது! அங்கே மெக்சிகோவிடமும் கியூபாவிடமும் தோல்விதான். சூசா காலத்தில் அமெச்சூர் கோப்பை மட்டும் 1946, 1947, 1948, 1950 என்று நான்கு முறை. 1950 சேலஞ்ச் கோப்பை இறுதியில் செயின்ட் லூயிஸின் சிம்ப்கின்ஸ்-ஃபோர்டு அணியிடம் தோற்றார்கள். அந்த அணியின் கோல்கீப்பர் ஃபிராங்க் போர்கியும் சூசாவும் அதே ஆண்டில் ஒரே அமெரிக்க அணியில் பிரேசில் போனார்கள்.

1951-ல் நியூயார்க்கின் ஜெர்மன்-ஹங்கேரியன் கிளப்புக்கு மாறினார். அந்த ஆண்டு அவர்களுக்கும் அதே இரண்டு கோப்பைகள். இரண்டு வெவ்வேறு கிளப்புகளில் இந்த இரட்டைச் சாதனை என்றால் சும்மாவா?

கேள்வி: அதே 1950 அணியில் ஆடிய எட் சூசா இவருடைய தம்பியா?

இல்லை. ஒரே ஊர், ஒரே கிளப், ஒரே இடது பக்கம். உறவு கிடையாது.

கேள்வி: இந்த அமெரிக்க அணிக்காரர்கள் சம்பளத்துக்கு ஆடியவர்களா?

பந்தை நம்பி மட்டும் வாழ முடியாது. வால்ட்டர் பார் பள்ளி ஆசிரியர், போர்கி சவ ஊர்தி ஓட்டியவர். பென்னி மெக்லாக்லின் என்ற நல்ல முன்கள வீரர், வேலையில் விடுப்பு கிடைக்காததால் உலகக் கோப்பைக்கே போகவில்லை. எனக்கு ஆறாத வருத்தம் அது.

கேள்வி: இங்கிலாந்து ஆட்டம் வெறும் அதிர்ஷ்டம்தானே?

அதிர்ஷ்டமும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் நான்கு நாள் முன்பு குரிட்டிபாவில் ஸ்பெயினுக்கு எதிராக ஜீனோ பரியானி அடித்த கோலில் முன்னிலை பெற்று, கடைசிப் பத்து நிமிடம் வரைக்கும் அதைக் காப்பாற்றிய அணி இது. பிறகு மூன்று வாங்கி 1-3 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு பெலோ ஒரிசோன்ட்டே முழு ஆச்சரியமாக இருந்திருக்காது. கடைசி ஆட்டம் ரெசிஃபேயில் சிலியிடம் 2-5, களைத்துப்போய்த் தோற்றது. மூன்று ஆட்டத்திலும் சூசா ஆடினார்.

கேள்வி: ஐயா, பில்லி கொன்சால்விஸா, சூசாவா?

கொன்சால்விஸும் ஃபால் ரிவரில் வளர்ந்தவர்தான். 1930, 1934 உலகக் கோப்பைகளில் ஆடியவர். ஷாட்டின் வேகத்துக்கு அவரைச் சொல்வேன். பந்தை அடக்கி ஆட்டத்தை நடத்த ஒருவர் வேண்டும் என்றால் என் அணியில் முதலில் சூசாவைத்தான் எழுதுவேன். 1976-ல் தேசிய கால்பந்துப் புகழ் மன்றத்தில் அவரைச் சேர்த்தார்கள். 2012-ல் 91 வயதில் காலமானார்.