எலுமிச்சைச் சொறி நோய்க்கு மரபணுத் திருத்தம்: கேள்வி பதில்

கே (எலுமிச்சை விவசாயி): ஐயா, சொறி நோய் வராதபடி மரத்தையே மாற்றலாம் என்கிறார்கள். எதை மாற்றுகிறார்கள்?

ப: லாப்-1 என்ற மரபணுவை. சொறிப் பாக்டீரியா தன் புரதம் ஒன்றை இலைச் செல்லுக்குள் செலுத்தும். அது லாப்-1இன் முன்பகுதியில் ஒட்டிக்கொண்டு மரபணுவை முடுக்கிவிடும். செல்கள் பெருத்துப் புண் வெடிக்கும். மழைத்தண்ணீரில் பாக்டீரியா அடுத்த இலைக்குப் போகும். ஒட்டும் இடத்தில் டி.என்.ஏ.வின் சில எழுத்துகளை நீக்கிவிட்டால் புரதத்துக்குப் பிடி கிடைக்காது.

கே (திசு வளர்ப்பு மாணவி): செடிக்குள் மரபணுவை நுழைக்கும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா வழியாகத் திருத்திய செடியிலும் சொறி வருகிறதே?

ப: லாப்-1இன் இரண்டு பிரதிகளும் திருந்தியிருக்கின்றனவா என்று முதலில் பாரும்மா. எலுமிச்சை இனமான டங்கன் கிரேப்புரூட்டில் முன்பகுதியின் ஒரு வகைப் பிரதி மட்டும் திருந்தியபோது (2016) சொறி நிற்கவில்லை. சீனாவின் வான்ஜின்செங் ஆரஞ்சில் இரண்டும் திருந்தியதும் (2017) எதிர்ப்பு வந்தது. அடுத்தது, கலவைச் செடி: ஒரு கிளை திருந்தியிருக்கும், பக்கத்துக் கிளை பழையபடியே இருக்கும். ஒரே இலையை நம்பாமல் கிளைக்கொரு இலை எடுத்து அதன் டி.என்.ஏ. எழுத்துகளை வரிசையாகப் படித்துப் பார்.

கே (அதே மாணவி): திருத்தத்துக்காகச் செடியில் நுழைத்த காஸ்9 (டி.என்.ஏ.வை வெட்டும் புரதம்) மரபணுவை, நெல்லில் செய்வதுபோல, அடுத்த தலைமுறையில் நீக்கலாமா?

ப: எலுமிச்சை இனத்தில் அது நடக்காது. விதைக்கன்று பூக்கவே பல ஆண்டுகள் ஆகும். பல ரகங்களில் விதைக்கன்றுகள் பெரும்பாலும் தாயின் நகல்கள்தாம். கலப்பினம் செய்தாலோ ரகமே மாறிவிடும். அதனால் மரபணுவை நுழைக்காமல் புரதத்தையே கொடுப்பதுதான் சரியான வழி. கருவாகும் கேலஸ் (திசு வளர்ப்பில் உருவாகும் செல் திரள்) செல்களின் சுவரை நொதிகளால் கரைத்து, காஸ்9 போலவே வெட்டும் காஸ்12ஏ புரதத்தையும், வெட்டும் இடத்தைக் காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வையும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளின் துணையோடு உள்ளே விட வேண்டும். கரைசலில் மானிட்டால் (செல்லுக்குள் தண்ணீர் அதிகம் புகாமல் தடுக்கும் சர்க்கரை வகைப் பொருள்) போதாவிட்டால் சுவரற்ற செல் வெடித்துவிடும். பிழைத்த செல்லிலிருந்து வரும் தளிரை வேர்ச்செடியில் ஒட்டு. புளோரிடாவில் ஹாம்லின் ஆரஞ்சில் இப்படித்தான் அந்நிய மரபணு இல்லாத, சொறி எதிர்ப்புள்ள செடிகள் வந்தன. ஒற்றைச் செல்லிலிருந்து வளர்வதால் கலவைத் தொல்லையும் குறைவு.

கே (நாற்றங்கால்காரர்): எலுமிச்சை இனத்தின் இன்னொரு நோயான பச்சையாதல் நோய்க்கும் இதே திருத்தம் உதவுமா?

ப: உதவாது. அது சைலா பூச்சி சுமந்துவந்து பட்டைக்குள் புகுத்தும் வேறு பாக்டீரியா.

கே: இந்தியாவில் அனுமதி?

ப: அந்நிய மரபணு இல்லாத எஸ்.டி.என்-1, எஸ்.டி.என்-2 வகைச் செடிகளுக்கு (உள்ள மரபணுவிலேயே சிறு திருத்தம் மட்டும் செய்தவை), மரபணு மாற்றிய உயிர்களைக் கட்டுப்படுத்தும் 1989 விதிகளின் 7 முதல் 11 வரையானவற்றிலிருந்து 2022 மார்ச்சில் விலக்கு தரப்பட்டது.

கே (முதல் விவசாயி): அதுவரை நான் என்ன செய்ய?

ப: மழைக்கு முன் சொறிக் கிளைகளை வெட்டி எரியுங்கள். இலைத்துளைப்பான் புழுவை விடாதீர்கள், அது போட்ட காயத்தில்தான் சொறி சுலபமாக நுழையும். புதுத்தளிருக்கு 1% போர்டோ கலவை: மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றுங்கள். இரும்புக் கத்தியை முக்கிப் பாருங்கள். செம்பு படிந்தால் இலை கருகும், சுண்ணாம்பு இன்னும் சேர்க்க வேண்டும்.