ஆறு இயந்திரங்களுடன் தையல் கூடம் தொடங்குகிறேன். பாதுகாப்பில் எதை முதலில் கவனிக்க வேண்டும்?

நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆறு தையல் இயந்திரங்களும் ஒரு வெட்டும் மேசையும் இஸ்திரி போட ஓர் இடமும் உள்ள கூடத்தில் எந்தெந்த ஆபத்துகளுக்கு முன்னேற்பாடு வேண்டும் என்பது ஒன்று. "கவனமாக வேலை செய்யவும் என்று எழுதி ஒட்டினால் போதாதா" என்று கேட்கும் உங்கள் பங்குதாரருக்கு என்ன பதில் சொல்வது என்பது மற்றொன்று. இரண்டாவதற்குப் பதில் தெரிந்தால் முதலாவதற்குப் பாதி விடை கிடைத்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். பதினெட்டு ஆண்டுகள் இயந்திரத்தில் உட்கார்ந்து தைத்தவன் நான். சில ஆண்டுகளாக மற்றவர்கள் தைக்கும் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

என் இடக்கைச் சுட்டுவிரல் நகம் இன்றும் நடுவில் ஒரு கோடு விழுந்துதான் வளர்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏற்பட்ட காயம் என்று நினைக்க வேண்டாம், அது ஒன்பதாவது ஆண்டில் நடந்தது. சட்டைக் காலரின் முனையைத் திருப்பும்போது, மடிப்பு விலகிவிடாமல் இருக்க விரல் நுனியால் துணியை ஊசிக்கு மிக அருகில் தள்ளிக்கொடுப்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். துணி ஒரு நூலிழை வழுக்கியது, ஊசி நகத்தைத் துளைத்து மறுபுறம் வந்து உடைந்தது. அந்த நொடியில் நான் அசட்டையாக இருக்கவில்லை. முனை கூராக வர வேண்டுமே என்று முழுக் கவனத்தையும் அதில்தான் வைத்திருந்தேன். தொழிற்கூடங்களில் பயன்படும் நேர்த்தையல் இயந்திரம் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 5,000 தையல் வரை போடும், அதாவது நொடிக்கு எண்பதுக்கு மேல். ஆபத்தைக் கண்டு கையை இழுத்துக்கொள்ள மனிதனுக்கு ஏறக்குறைய நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தேவைப்படும். அதற்குள் ஊசி பதினாறு முறை இறங்கி ஏறிவிடும் என்றால், கவனம் என்ற ஒன்றை மட்டும் நம்பி விரலை அங்கே வைக்கச் சொல்வது நியாயமா என்று உங்கள் பங்குதாரரிடம் கேளுங்கள். கை தவறுவது நிச்சயம் என்று வைத்துக்கொண்டு, தவறினாலும் காயம் படாதபடி இயந்திரத்தையும் இடத்தையும் அமைப்பதைத்தான் நான் பாதுகாப்பு என்கிறேன்.

ஆகவே இயந்திரம் வாங்கும்போதே ஊசிக்கு முன்னால் வளைந்து நிற்கும் கம்பியாலான விரல் காப்பு, துணியோரத்தை வெட்டிப் பிசிறு வராமல் தைக்கும் ஓவர்லாக்கிலும் பொத்தான் தைக்கும் இயந்திரத்திலும் கண்ணுக்கு முன் நிற்கும் ஒளிபுகும் மறைப்பு, பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் மேல் மூடி ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல இடங்களில் இவை பெட்டியிலேயே வரும். நூல் கோக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று முதல் வாரமே கழற்றி இழுப்பறையில் போட்டுவிடுவார்கள். இடைஞ்சல் உண்மைதான். தைப்பவரோடு சேர்ந்து உட்கார்ந்து, காப்பின் உயரத்தையும் கோணத்தையும் அவர் கைக்கு ஏற்பச் சரிசெய்து கொடுத்தால் அதைக் கழற்ற மாட்டார்.

மோட்டாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய கிளட்ச் மோட்டார், தைக்காமல் இருக்கும்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். சுவிட்சை அணைத்த பின்னும் சில நொடிகள் அதன் சுழற்சி அடங்காது. அந்த இடைவெளியில் ஊசி மாற்றக் குனிபவரின் கால் பெடலில் பட்டுவிட்டால் இயந்திரம் ஓடிவிடும். சர்வோ மோட்டார் மிதிக்கும்போது மட்டுமே சுற்றும், சத்தமும் குறைவு, வேகத்துக்கு உச்ச வரம்பும் வைக்கலாம். புதிதாகத் தொடங்குபவர் ஆறு இயந்திரத்துக்கும் சர்வோவையே போடலாம் என்பது என் உறுதியான கருத்து. எந்த மோட்டாராக இருந்தாலும், நூல் கோக்கவும் ஊசியையும் அடிநூல் சுற்றிய பாபினையும் மாற்றவும் சுவிட்சை அணைத்து, சக்கரம் நின்றதைக் கண்ணால் பார்த்து, காலைப் பெடலிலிருந்து எடுத்த பிறகே கையை நீட்ட வேண்டும். சுவிட்சு, உட்கார்ந்தபடியே எட்டும் இடத்தில் இருந்தால்தான் இது நடக்கும். மேசைக்கு அடியில் குனிந்து தேட வேண்டியிருந்தால் யாரும் அணைக்கப் போவதில்லை.

ஊசி விரலில் ஏறிவிட்டால் விரலை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மின்சாரத்தை அணைத்து, கைச்சக்கரத்தை மெதுவாகத் திருப்பி ஊசியை மேலே ஏற்றித்தான் விரலை விடுவிக்க வேண்டும். உள்ளே துண்டு தங்கியிருந்தால் கூடத்தில் யாரும் அதைத் தோண்டி எடுக்க முயல வேண்டாம். மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கட்டும், டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். ஊசி உடையும் ஒவ்வொரு முறையும், காயம் இல்லாவிட்டாலும், உடைந்த துண்டுகளை ஒரு வெள்ளைத் தாளில் புது ஊசி ஒன்றின் பக்கத்தில் முனையோடு முனையாக அடுக்கிப் பார்க்கும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே கொண்டுவாருங்கள். நீளம் குறைந்தால் மீதித் துண்டு விரலிலோ துணியிலோ இயந்திரத்துக்குள்ளோ இருக்கிறது என்று பொருள். அது குழந்தை உடுப்பின் மடிப்பில் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

எல்லாத் தையற்காரர்களிடமும் காணப்படும் இரண்டு பழக்கங்களை உங்கள் கூடத்துக்குள் விடாதீர்கள். ஒன்று, அளவு நாடாவைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு இயந்திரத்தில் உட்காருவது. குனியும்போது தொங்கும் நுனி கைச்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் கழுத்தோடு இழுக்கும். பின்னாத கூந்தலும் தொங்கும் துணியும் அப்படியே. மற்றொன்று, குண்டூசிகளை உதட்டில் கவ்வுவது. ஒரு தும்மலில் அது தொண்டைக்குப் போகலாம், மூச்சுக்குழாய்க்கும் போகலாம். மணிக்கட்டில் கட்டும் ஊசிமெத்தையோ மேசையில் ஒரு காந்தத் தட்டோ கொடுத்தால் இந்தப் பழக்கம் ஒரு வாரத்தில் மாறிவிடும்.

வெட்டும் மேசையில் கத்தரிக்கோல் மட்டும் என்றால், கையோடு பொருந்தும் கூரான கத்தரியே பாதுகாப்பானது, ஏனெனில் மழுங்கியதை அழுத்தும்போதுதான் அது நழுவும். மின்சார வெட்டுக்கத்தி வாங்கினால், துணியைப் பிடிக்கும் கைக்கு உலோக வலைக் கையுறை கட்டாயம்.

காயங்களைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், நான் பார்த்த தையற்காரர்களில் தொழிலை விட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் ஊசி குத்திப் போனவர்கள் அல்லர். கழுத்திலும் தோளிலும் இடுப்பிலும் வலி வந்து போனவர்கள். நாளெல்லாம் தலையை முன்னால் கவிழ்த்து, இரு கைகளையும் மேசைமேல் தூக்கிவைத்து, ஒரு காலால் மட்டும் மிதித்துக்கொண்டு, சாய்மானம் இல்லாத முக்காலியில் உட்காரும் இந்த வேலையில் வலி ஒரே நாளில் வருவதில்லை. முதலில் மாலையில் மட்டும் இருக்கும், பிறகு காலையில் எழும்போதே இருக்கும், கடைசியில் கத்தரியைப் பிடிக்கும் விரல்கள் இரவில் மரத்துப்போகும். மரத்துப்போன நிலையிலும் வேலைக்கு வந்துகொண்டிருப்பார்கள், சொல்ல மாட்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், ஏற்கெனவே கழுத்து, தோள் வலி இருந்த தையல் தொழிலாளர்கள் 277 பேரிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், உயரம் மாற்றக்கூடிய நாற்காலிகளைக் கொடுத்த நான்கே மாதங்களில் அவர்கள் வலி குறைந்தது தெரியவந்தது. வேலையை மாற்றவில்லை, ஆளை மாற்றவில்லை, இருக்கையை மாற்றினார்கள்.

நாற்காலிக்கு உயரம் மாற்றும் வசதியும் இடுப்பைத் தாங்கும் சாய்மானமும் இருக்கட்டும். மேசையின் மேற்பரப்பு, தோளைத் தூக்காமல் உட்கார்ந்தவரின் முழங்கை மட்டத்திலோ அதற்குச் சற்று மேலோ வர வேண்டும். பெடலைக் கால் நீட்டித் தேடாமல் முழங்காலுக்கு நேர் கீழாக இழுத்து வையுங்கள். பெடலின் இடத்தை மாற்ற முடியும் என்பதே பலருக்குத் தெரியாது, முன்பு உட்கார்ந்த உயரமானவருக்கு வைத்த இடத்திலேயே குள்ளமானவர் ஆண்டுக்கணக்கில் நுனிக்காலால் மிதித்துக்கொண்டிருப்பார். வெட்டுபவருக்கோ மேசை இடுப்பளவுக்கு மேல் உயரமாக இருக்க வேண்டும், சாப்பாட்டு மேசையின் உயரம் அவர் முதுகை முறித்துவிடும். ஒருவரை நாள் முழுவதும் ஒரே தையலில் வைக்காமல், முற்பகல் தைப்பவரைப் பிற்பகலில் பிசிறு வெட்டவோ இஸ்திரிக்கோ மாற்றிவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டு நிமிடம் எழுந்து நடப்பதால் குறையும் தையலைவிட, களைத்த கையால் தைத்துப் பிரிக்க வேண்டிவரும் தையலே அதிகம் என்பதை என் கூடத்தில் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

தலை கவிழ்வதற்குப் பாதிக் காரணம் வெளிச்சக் குறைவு. தையல் வேலைக்கு ஐரோப்பியத் தரநிலை சொல்லும் அளவு 750 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), அதாவது சாதாரண அலுவலக அறைக்கு வேண்டிய 500ஐ விட ஒன்றரை மடங்கு. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தைக்கும் நாளில் அதுவும் போதாது. ஒவ்வொரு இயந்திரத்திலும் ஊசியருகே ஒரு சிறு எல்.இ.டி. விளக்கைப் பொருத்துங்கள், அது கண்ணில் அடிக்காமல் துணியில் மட்டும் விழட்டும்.

இஸ்திரிப் பெட்டியில் நான் முதலில் பார்ப்பது, கம்பி பெட்டிக்குள் நுழையும் இடம். அங்கேதான் வளைந்து வளைந்து மேலுறை வெடிக்கும். மூன்று முனைச் செருகியும் முறையான எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சும் இல்லாத இடத்தில் ஈரத்துணியும் மின்சாரமும் சேரவே கூடாது. சுட்டுக்கொண்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். பற்பசையும் மையும் பனிக்கட்டியும் வேண்டாம்.

புதுத் துணிக் கட்டைப் பிரித்து இஸ்திரி போடும்போது கண் கரிப்பது உங்கள் கற்பனை இல்லை. சுருங்காத் துணிகளுக்கு ஏற்றும் பிசின் பூச்சிலிருந்து சூட்டில் ஃபார்மால்டிஹைடு என்ற வாயு வெளிவரும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 2004இல் வகைப்படுத்தியது. இஸ்திரி மேசையைச் சன்னலுக்கு அருகில் வைத்து, காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்றையும் போடுங்கள். கறை நீக்கும் திரவங்களை வாங்கும்போது புட்டியைப் படியுங்கள். ட்ரைகுளோரோஎத்திலீன் என்ற நச்சுக் கரைப்பானின் பெயர் இருந்தால் அதைக் கூடத்துக்குள் சேர்க்காதீர்கள். இயந்திரத்தில் படியும் பஞ்சுத்தூசியைக் காற்றழுத்தக் குழாயால் ஊதினால் அது எல்லோர் நுரையீரலுக்கும் போகும். தூரிகையும் உறிஞ்சும் கருவியும் நல்லவை. அந்தக் குழாயை உடம்பில் ஒட்டிய நூலைத் தட்ட யாரும் தங்கள் மேல் திருப்பவே கூடாது.

தீயைப் பற்றிச் சொல்லும்போது 1911 மார்ச் 25ஐ நினைக்காமல் இருக்க முடியாது. நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில், வெட்டும் மேசைக்கு அடியில் இருந்த துண்டுத் துணிப் பெட்டியில் பற்றிய தீ 146 பேரைக் கொன்றது. அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். ஒன்பதாம் மாடியில் படிக்கட்டுக் கதவு ஒன்று பூட்டியிருந்தது. நூறு ஆண்டுகள் கழித்து, 2012இல் கராச்சியிலும் டாக்கா அருகிலும் எரிந்த ஆடைத் தொழிற்சாலைகளிலும் ஆட்கள் வெளியேற வழியின்றியே மாண்டார்கள். ஆறு இயந்திரக் கூடத்துக்கு இது பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். துண்டுத் துணியை அன்றன்றே மூடியுள்ள தகரத் தொட்டியில் போட்டு, மாலையில் வெளியேற்றுங்கள்; துணிக் கட்டுகளை இஸ்திரிக்கு அருகிலும் வாசலை ஒட்டியும் அடுக்காதீர்கள். வேலை நேரத்தில் எந்தக் கதவும், திருட்டுப் பயத்துக்காகக்கூட, பூட்டியிருக்கக் கூடாது. தீயணைப்பானை வாசலருகே மாட்டி, ஆறு பேருக்கும் அதன் ஊக்கை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். எரியும் மின்கருவியில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள்.

கேள்வியில் நீங்கள் கேட்காத ஒன்று உண்டு. கழிப்பறை தொலைவில் இருந்தாலோ, எழுந்து போனால் முகம் சுளிப்பார்கள் என்று தோன்றினாலோ, பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். சிறுநீர்த் தொற்றில் விடுப்பு எடுப்பவர் வேறு காரணத்தைத்தான் எழுதிக் கொடுப்பார். தண்ணீர்ப் பானையை இயந்திரங்களின் வரிசைக்கு அருகிலேயே வையுங்கள், எழுந்து போக யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இயந்திரங்கள் வந்து இறங்கியதும், ஆட்களைச் சேர்ப்பதற்கு முன், ஆறு இருக்கைகளிலும் நீங்களும் பங்குதாரரும் ஆளுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து தைத்துப் பாருங்கள். எந்த இருக்கையில் கழுத்து வலித்தது, எங்கே சுவிட்சு எட்டவில்லை, எங்கே நிழல் விழுந்தது என்று எழுதிக்கொண்டு, அவற்றைச் சரிசெய்த பிறகு கூடத்தைத் திறவுங்கள். "கவனமாக வேலை செய்யவும்" என்ற அட்டையை ஒட்டுவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு உங்கள் பங்குதாரரே சொல்லட்டும்.