சரிந்த உத்திரத்துக்கு மட்டமான இருக்கை

கேள்வி: களுவாஞ்சிகுடியில் நெல் வைக்க ஒரு களஞ்சியம் கட்டுகிறோம் ஐயா. இரண்டு கொங்கிறீட் சுவர், 200 மில்லிமீற்றர் தடிப்பு, இடையில் 8 மீற்றர். ஒரு சுவர் மற்றதைவிட 2.15 மீற்றர் உயரம், அதனால் கூரை ஒரே பக்கம் சரிகிறது. 4 மீற்றருக்கு ஒன்றாக இரும்பு ஐ பீம் (I எழுத்து வடிவ உத்திரம்) போட்டு மேலே தகரம். சுவரின் தலையைச் சீமெந்துச் சாந்தால் சரிவாக வழித்துவிட்டு, பீமை அதன்மேல் படுக்கவைத்து இரண்டு முனையையும் வெல்ட் பண்ணலாம் என்கிறார் வெல்டிங் தம்பி. பீமின் அடித்தட்டை வெட்டினால் போதும் என்கிறார் மேசன். அடுத்த கிழமை சுவரின் கடைசிக் கொங்கிறீட் போடுகிறோம். எதைச் செய்வது?

பதில்: நல்ல வேளை, கொங்கிறீட் போடமுன்னம் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம். சுவரின் தலை மட்டமாகவே இருக்கட்டும், சரிவை இரும்பில் செய்துகொள்ளுங்கள்.

காரணம் இதுதான். பாரம் நேரே கீழே இறங்கும், ஆனால் சரிந்த மேடையால் தனக்குச் செங்குத்தாக மட்டும்தான் தாங்க முடியும். உங்கள் சரிவு கிட்டத்தட்ட 15 பாகை, அந்தச் சரிவில் ஒரு முனையில் 2,000 கிலோ வந்தால் 500 கிலோவுக்கு மேல் சரிவு வழியே வழுக்கப் பார்க்கும். அதை யார் பிடிப்பது? ஒரு விரல் தடிப்புச் சாந்தும் இரண்டு போல்ட்டும். சாந்து முதலில் ஓரத்தில் உதிரும், பிறகு போல்ட் சுவரின் விளிம்பை நெரிக்கும். கல்முனைப் பக்கம் ஒரு மண்டபத்தில் இதை ஏணி வைத்து ஏறிப் பார்த்திருக்கிறேன்: போல்ட்டின் அடியிலிருந்து மயிர் மாதிரி ஒரு வெடிப்பு கிளம்பி, சுவரில் ஒரு முழம் இறங்கி, அதன் வழியே துருத் தண்ணீர் கபில நிறத்தில் வடிந்து காய்ந்திருந்தது. கீழே நின்றவர்கள் அதை வெறும் கறை என்று நினைத்துப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அடித்தட்டை வெட்டுவதும் ஆபத்துத்தான். பாரம் பீமிலிருந்து சுவருக்கு மாறுகிற அதே இடத்தில் பீமின் மெல்லிய நடுத்தகடு மட்டும் மிஞ்சும், காஸால் வெட்டிய கூர் மூலையிலிருந்துதான் கிழிசல் தொடங்கும்.

சரி, பீம் உட்காரும் இரும்பு இருக்கையை எப்படிச் செய்வது? அடியில் 12 மில்லிமீற்றர் பிளேட் ஒன்று, சுவரின் நீளப்பாட்டில் 300, குறுக்கே 150. அதன்மேல் 10 மில்லிமீற்றர் தகட்டில் இரண்டு நிமிர்ந்த துண்டு, மேல் விளிம்பு பீமின் சரிவுக்கு வெட்டப்பட்டது. 120 மில்லிமீற்றர் நீளத் துண்டென்றால் ஒரு தலை மற்றதைவிட 32 மில்லிமீற்றர் உயரும். அதற்குமேல் சரிந்த ஒரு தட்டு, அதில் பீமின் அடித்தட்டை போல்ட் போட்டு முடுக்குவது. பீமின் நடுத்தகட்டுக்கு இரண்டு பக்கமும், இருக்கைக்கு நேர் மேலே, முட்டுத் தகடு வெல்ட் பண்ண மறக்க வேண்டாம். சுவரில் இறங்கும் போல்ட்டுகளை சுவரின் நடுக்கோட்டில், பீமுக்கு இரு புறமும் வையுங்கள். அப்போதுதான் விளிம்புக்கு 100 மில்லிமீற்றர் கிடைக்கும்.

இனி இரண்டு முனையையும் வெல்ட் பண்ணும் கதை. தகரத்துக்குக் கீழே மத்தியான வெயிலில் இரும்பு 30 பாகை சூடேறினால் உங்கள் பீம் 3 மில்லிமீற்றர் நீளும். சின்னதாகத் தெரியும், ஆனால் நாள் தவறாமல் சுவரைத் தள்ளி இழுக்கும். ஆகவே கீழ் முனையை இறுக்கி, மேல் முனையில் துளையை 18-க்கு 40 மில்லிமீற்றர் என்று நீட்டமாக்குங்கள். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள்: அந்த நீட்டத் துளை மட்டமான அடிப் பிளேட்டில் இருக்க வேண்டும், சரிந்த தட்டில் அல்ல. சரிந்த தட்டில் வைத்தால் பீம் சரிவு வழியே நகரும், பழையபடி சுவரைத் தள்ளும் விசை வந்துவிடும். அந்த முனையில் இரண்டு பிளேட் வையுங்கள், ஒன்று சுருங்காத கிறவுட்டில் (இடைவெளி நிரப்பும் சாந்து) பதிந்தது, மற்றது அதன்மேல் வழுக்குவது. நட்டை இலேசாக முடுக்கி, மேலே இன்னொரு நட்டால் பூட்டிவிடுங்கள்.

அப்புறம் காற்று. மட்டக்களப்பை அடித்த 1978 நவம்பர் 23 சூறாவளியை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், சொல்வார்கள். தகரக் கூரையைப் பொறுத்தவரை கீழே அமுக்கும் பாரத்தைவிட மேலே தூக்கும் பாரம்தான் எனக்குப் பயம். ஒரு முனைக்கு 16 சதுர மீற்றர் கூரை. தகரம், அதைத் தாங்கும் குறுக்குச் சட்டம் (பேர்லின்), பீம் எல்லாம் சேர்த்து சதுர மீற்றருக்கு 30 கிலோ என்று வைத்தால் 480 கிலோதான் அமுக்கும். காற்று சதுர மீற்றருக்கு 100 கிலோ தூக்கினால் அது 1,600. மிச்சம் 1,100 கிலோவுக்கு மேல் போல்ட்டைப் பிடுங்கும். எனவே 16 மில்லிமீற்றர் போல்ட்டை 300 மில்லிமீற்றர் ஆழம் இறக்கி, அடியில் நட்டும் சிறு பிளேட்டும் போட்டு, சுவர்க் கம்பிக் கூட்டுக்குள் நிற்கும்படி வையுங்கள். சும்மா செருகிய நேர்க்கம்பியை நம்ப வேண்டாம். கட்டடம் திறந்த வெளியில் இருந்தால் தூக்கு விசை இன்னும் கூடும், உங்கள் பொறியியலாளரிடம் அந்த இடத்துக்கான கணக்கைப் போடுவியுங்கள்.

கடல் பக்கத்தில் இருப்பதால் நாகம் (துத்தநாகம்) பூசிய போல்ட்டே வாங்குங்கள். பீம் முனையைச் சாந்து வைத்து மூடி அழகாக்க வேண்டாம். உப்பு ஈரம் உள்ளே நின்று, வெளியே தெரியாமலே அரிக்கும். சுற்றிவரக் கை போய் பெயின்ட் அடிக்க இடம் விடுங்கள்.

கேள்வி: கொங்கிறீட் போட்ட பிறகு பார்த்தால் போல்ட்டுகள் 15 மில்லிமீற்றர் விலகி நிற்கின்றன. சூடாக்கி வளைக்கலாமா? — வாசகர், அக்கரைப்பற்று

பதில்: வளைக்க வேண்டாம். வளைத்த போல்ட் தூக்கு விசையில் நிமிரப் பார்க்கும், அப்போது சுற்றியுள்ள கொங்கிறீட் உடையும். பிளேட்டில் துளையைப் பெரிதாக்கி, மேலே தடித்த வாசர்ப் பிளேட் போட்டு, சரியான இடத்தில் நின்றபின் அதைப் பிளேட்டோடு வெல்ட் பண்ணுங்கள். அடுத்த சுவருக்கு, துளையிட்ட ஒட்டுப்பலகையைப் பெட்டியடிப்பின்மேல் (கொங்கிறீட் வார்க்கும் பலகைப் பெட்டி) ஆணியடித்து போல்ட்டை அதில் மாட்டிவிட்டுக் கொங்கிறீட் போடுங்கள்.