இரண்டு பக்கத்துக்கு மேல் ஓடவில்லையா?

கேள்வி: எனக்கு வயது 43. கல்லூரி நாள்களில் நாவலைக் கையில் எடுத்தால் முடித்துவிட்டுத்தான் வைப்பேன். இப்போதும் ஆசைஆசையாகப் புத்தகம் வாங்குகிறேன். இரவு படுக்கையில் பிரித்தால் இரண்டு பக்கம் தாண்டுவதில்லை. படித்த வரியையே மறுபடி மறுபடி படிக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: மனதைக் குறை சொல்லும் முன் கண்ணைக் கவனியுங்கள். நாற்பதை ஒட்டிக் கண்ணின் லென்ஸ் நெகிழ்வை இழக்கிறது; அதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். ஆரம்பத்தில் எழுத்து மங்காது. கண் தசை சிரமப்பட்டுச் சமாளிக்கும். பத்து நிமிடத்தில் நெற்றி கனக்கும், வரி தவறும். இதைக் கவனக்குறைவு என்று நினைத்துத் தன்னையே நொந்துகொள்பவர்கள் பலர். புத்தகத்தை 40 செ.மீ. தூரத்தில் பிடியுங்கள். கை தானாக நீள்கிறதா? பகலில் ஜன்னலோரம் சுலபமாகவும் இரவு விளக்கில் கஷ்டமாகவும் இருக்கிறதா? அப்படியானால் கண் மருத்துவரைப் பாருங்கள். கடையில் கிடைக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். இரு கண்ணுக்கும் பவர் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

அடுத்தது, படுக்கை. நாள் முழுக்க உழைத்துக் களைத்த மூளையிடம், அதுவும் தலையணையில் சாய்ந்தபடி, நாவலைக் கொடுத்தால் அது தூங்கத்தான் பார்க்கும். காலைக் காபிக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்து படியுங்கள். போன் பக்கத்து அறையில் இருக்கட்டும். ஒரு மெசேஜைப் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் அதன் மிச்சம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

முதல் வாரம் தினமும் 10 நிமிடம் போதும். பக்கக் கணக்கு வேண்டாம். அடுத்தடுத்த வாரங்களில் ஐந்தைந்து நிமிடமாகக் கூட்டுங்கள். எட்டு, பத்துப் பக்கச் சிறுகதைகளில் தொடங்கினால் ஒரே அமர்வில் முடியும். முடித்த நிறைவுதான் மறுநாள் இழுத்து வரும்.

மனம் நழுவும்போது கண் தன்பாட்டுக்கு வரிகளில் ஓடிக்கொண்டிருக்கும். பிடிபட்டதும் பக்கத்தின் உச்சிக்குப் போகாதீர்கள். அங்கேதான் அலுப்பு தொடங்குகிறது. நினைவில் நிற்கும் கடைசி வாக்கியத்தைத் தேடி, பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து ஒரு பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கும் காதும் சேர்ந்துகொண்டால் மனம் அவ்வளவு எளிதில் நழுவாது. இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி, என்ன நடந்தது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள்.

இதையெல்லாம் ஒரு மாதம் செய்தும் மாற்றமில்லை, உடலும் சோர்கிறது என்றால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. படிப்பில் மட்டுமல்ல, பிடித்த எதிலுமே இரண்டு வாரமாக நாட்டமில்லை என்றால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் போங்கள்.