லூசியும் ஒரு கழித்தல் கணக்கும் – கடிதம்

வணக்கம்.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த், லூசி என்ற பெண்ணைப் பற்றி எழுதிய கவிதைகளில் ஒன்றைத் தமிழாக்க முயன்றேன். ஆள் நடமாட்டமில்லாத வழிகளில், டவ் ஆற்றின் ஊற்றுகளுக்குப் பக்கத்தில் வாழ்ந்து, யாருக்கும் தெரியாமல் இறந்துபோகும் பெண்ணைப் பற்றிய 12 வரிகள். மூன்று இடங்களில் முட்டிக்கொண்டேன். அவளைப் புகழ ஒருவருமில்லை, நேசிக்க மிகச் சிலர் என்கிறார். நேசிப்பவர்கள் புகழ மாட்டார்களா? பாசிக்கல் அருகே பாதி மறைந்த வயலட் பூ என்கிறார், உடனே நட்சத்திரம் என்கிறார். மறைந்திருப்பது எப்படி வானத்தில் மின்னும்? கடைசியில், அவள் கல்லறைக்குள் போனது எனக்கு எவ்வளவு 'வித்தியாசம்' என்று முடிக்கிறார். துக்கம் இவ்வளவுதானா?

ம.

அன்புள்ள ம.,

முதல் கேள்வி சுலபம். நம் அம்மாவை நாம் என்றைக்காவது உட்கார்ந்து புகழ்ந்திருக்கிறோமா? புகழ்வதற்கு ஊர் வேண்டும், கூட்டம் வேண்டும். லூசிக்கு அது வாய்க்கவில்லை. வேர்ட்ஸ்வொர்த்தின் நண்பரும் கவிஞருமான கோல்ரிட்ஜின் மகன் ஹார்ட்லி இந்த வரியை வைத்தே வேர்ட்ஸ்வொர்த்தைக் கிண்டலடித்திருக்கிறார்: புகழ ஒருவருமில்லாத, படிக்க மிகச் சிலரே இருந்த கவிஞர் என்று!

நட்சத்திரத்துக்கு வருவோம். நீங்கள் பாதி வரியோடு நின்றுவிட்டீர்கள். வானத்தில் ஒன்றே ஒன்று மின்னும்போது நட்சத்திரம் எவ்வளவு அழகோ, அவ்வளவு அழகு என்கிறார். அந்த நிபந்தனையில்தான் எல்லாம் இருக்கிறது. நடு இரவில் ஆயிரத்தோடு ஒன்றாக இருந்தால் அதை யார் கவனிக்கப்போகிறார்கள்? பாசிக்கல்லருகே குனிந்தவனுக்குப் பூ தெரிகிறது. வேறெதுவும் முளைக்காத அந்தியில் அண்ணாந்தவனுக்கு நட்சத்திரம் தெரிகிறது. இரண்டையும் பார்க்கிறவன் ஒரே ஆள்.

இனி எண்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள். ஒருவருமில்லை, மிகச் சிலர், பாதி, ஒன்றே ஒன்று, மறுபடி சிலர், கடைசியில் 'எனக்கு'. கவிதை முழுக்க எண்ணிக்கொண்டே வருகிறது. அப்படி வருகிற கவிதை 'வித்தியாசம்' என்ற கழித்தல் கணக்கின் சொல்லில் முடிவதில் எனக்கு வியப்பில்லை. ஊர்க் கணக்கில் அவள் சேரவே இல்லை, அதனால் அங்கே எதுவும் குறையவில்லை. இவன் கணக்கில்தான் குறைகிறது. இன்னொன்று: 'லூசி' என்ற பெயரே கடைசிப் பத்தியில், அவள் இல்லாமல் போனாள் என்கிற வரியில்தான் முதன்முதலாக வருகிறது. அதுவரை வெறும் 'அவள்'.

இந்தக் கறார்த்தனம் முதலிலேயே வந்துவிடவில்லை. 1798 குளிர்காலத்தில், வேர்ட்ஸ்வொர்த் தன் தங்கை டோரதியோடு ஜெர்மனியின் கோஸ்லர் நகரில் பழக ஆளில்லாமல் அடைந்துகிடந்தபோது எழுதியது. கோல்ரிட்ஜுக்குக் கடிதத்தில் அனுப்பிய வடிவத்தில் ஐந்து பத்திகள் இருந்தன. ரோஜா போன்ற உதடு, கொடிமாலை போன்ற கூந்தல், மெல்ல மெல்லக் கொன்ற நோய் எல்லாம் அதில் உண்டு. 1800இல் 'லிரிகல் பாலட்ஸ்' கவிதைத் தொகுப்பின் இரண்டாம் பதிப்பில் அச்சானபோது அந்த உதடும் இல்லை, நோயும் இல்லை. மூன்றே பத்திகள். அந்த இரண்டு பத்திகளும் இருந்திருந்தால் இது இன்னொரு 'அழகி செத்துப்போனாள்' பாட்டாகியிருக்கும், நீங்களும் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

லூசி யார் என்று மட்டும் தேடிப் போகாதீர்கள். தேடியவர்கள் ஏராளம், நிரூபித்தவர் யாருமில்லை. டவ் என்ற பெயரிலேயே இங்கிலாந்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆறுகள் உண்டு. எது என்று அவர் சொல்லவில்லை.

எனக்கு இதில் ஓர் உறுத்தல் உண்டு. அவள் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. தன்னை யாரும் கவனிக்கவில்லை என்பது அவளுக்கு ஒரு குறையாக இருந்ததா என்று கவிதை கேட்பதே இல்லை. 'எனக்கு' என்று முடிகிற கவிதையில் அதற்கு இடமில்லை போல.

சரி, உங்கள் மொழிபெயர்ப்பு. 'வித்தியாசம்' என்ற சொல்லை மாற்றாதீர்கள். 'பேரிழப்பு', 'வெறுமை' என்றெல்லாம் போனால் அழுகை கூடும், கணக்கு போய்விடும். அதற்கு முன்னால் ஓர் 'ஐயோ' வைத்துக்கொள்ளலாம். மூலத்திலும் அங்கே ஒரே ஒரு 'ஓ' இருக்கிறது.