பொங்கிய அண்டா, அடைத்த மாஷ், வெடித்த பாட்டில்

நொதிக்கும் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

பீர் காய்ச்சுகிற நாளில் எங்கே சறுக்கியது என்று எழுதி அனுப்புங்கள் எனப் போன இதழில் கேட்டிருந்தோம். பாலக்காட்டு எல்லையிலிருந்தும் ஆந்திர எல்லையிலிருந்தும், அங்கிருந்து கிளம்பி வெளிநாடு போனவர்களிடமிருந்தும் நிறையக் கடிதங்கள் வந்தன. எல்லாவற்றையும் போட இடமில்லை, பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றை எடுத்துக்கொண்டேன்.

கே: அண்ணா, வணக்கமுங்க. பெங்களூரில் இருக்கிற என் மச்சான் ஒரு பீர் கிட் வாங்கித் தருகிறேன் என்கிறான். வீட்டிலேயே இருபது லிட்டர் காய்ச்சலாமாம். நம்ம ஊரில் செய்யலாமுங்களா?
*(ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை)*

வேண்டாம். கேரளத்தில் லைசென்ஸ் இல்லாமல் மது தயாரித்தால் அப்காரிச் சட்டம் 55ஆம் பிரிவு பாயும். பத்து வருடம் வரை சிறை, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம். வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டிக் கோயமுத்தூர் பக்கம் போய்ச் செய்தாலும் அங்கே 1937ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. மச்சான் ஊரிலும் பீர் காய்ச்ச லைசென்ஸ் வேண்டும். நான் விற்கவில்லை, வீட்டுக்குத்தான் என்று சொல்வது எங்கேயும் எடுபடாது. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் திராட்சை வைன் போடுபவர்களுக்கும் இதுவே.

அப்புறம் எதற்கு இந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். நம் பிள்ளைகள் நிறையப் பேர் இது அனுமதிக்கப்பட்ட நாடுகளில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டத்துக்குப் பிறகு, வயது வந்த ஒருவர் தன் வீட்டுத் தேவைக்கு வருடத்துக்கு நூறு கேலன் வரை வரியில்லாமல் காய்ச்சலாம். ஆஸ்திரேலியாவிலும் விற்காத வரை தடையில்லை. நம் எல்லையோர இளைஞர்கள் பலர் பெங்களூர் ப்ரூபப்களில், அதாவது அங்கேயே பீர் காய்ச்சி விற்கிற கடைகளில், தொழில் கற்கிறார்கள். இது எதுவுமே இல்லாதவர்கள் வீட்டிலும் இட்லி மாவும் தயிரும் இஞ்சி சோடாவும் நொதிக்கத்தானே செய்கின்றன. கிட் வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லிவிட்டு, இந்தப் பக்கத்தை மட்டும் படியுங்கள்.

கே: அண்ணாச்சி, சொந்த ஊர் செங்கோட்டை, இப்போது மெல்போர்னில் இருக்கிறேன். ஜனவரி வெயிலில் பீர் காய்ச்சினேன். கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸைப் போட்ட நிமிடம் அண்டா பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. அதைத் துடைத்து முடிப்பதற்குள் களைத்துப்போய், ஆறுவதற்குக் காத்திருக்காமல் 34 டிகிரியிலேயே ஈஸ்ட்டைப் போட்டுவிட்டேன். இப்போது பழுத்த வாழைப்பழமும் நெயில் பாலிஷும் கலந்த வாசனை அடிக்கிறது. கொட்டிவிடவா?
*(ஒரு வாசகர், மெல்போர்ன்)*

இரண்டு விபத்து நடந்திருக்கிறது தம்பி. பொங்கியதைப் பெரிதாக நினைக்காதீர்கள், பீரைக் கெடுத்தது இரண்டாவதுதான்.

மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) கரைசல் கொதிக்க ஆரம்பிக்கும்போது அதிலுள்ள புரதம் நுரையாகத் திரளும். அந்த முதல் நுரை அடங்கும் வரை ஹாப்ஸைப் போடக் கூடாது. அடங்கிய பிறகும் தீயைக் குறைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும், ஏனென்றால் ஹாப்ஸ் துகள் ஒவ்வொன்றும் குமிழ் பிறக்க ஓர் இடம் கொடுக்கிறது. அண்டாவில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். பால் காய்ச்சும்போது நிற்பதுபோலப் பக்கத்திலேயே நில்லுங்கள். கையில் தண்ணீர் ஸ்ப்ரே ஒன்று இருந்தால் எழும் நுரைமேல் அடித்து அடக்கிவிடலாம். சர்க்கரை கலந்த கொதிநீர் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும் என்பதால் குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

சரி, வாசனைக்கு வருவோம். ஏல் வகை பீருக்குப் போடுகிற சாதாரண ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி இருந்தால் நிம்மதி. 34இல் போட்டால் வெறி பிடித்ததுபோல வேலை செய்யும், வேலை செய்கிற வேகத்தில் எஸ்டர் என்ற வாசனைப் பொருள்களையும் கனமான ஆல்கஹால்களையும் தள்ளிவிடும். வாழைப்பழ வாசனை ஐசோஅமைல் அசிடேட். நெயில் பாலிஷ் வாசனை ஈதைல் அசிடேட். தொண்டையில் சூடாக இறங்குகிறதே, அதுதான் அந்தக் கனமான ஆல்கஹால், ஃபியூசல் என்பார்கள். இதில் இன்னொன்றும் இருக்கிறது: நொதித்தலே வெப்பத்தைக் கிளப்பும். அறை 25 என்றால் வாளிக்குள் 28, 29 கூட இருக்கும். முதல் இரண்டு மூன்று நாள்தான் சுவையைத் தீர்மானிக்கிறது, அந்த நாட்களில் குளிர்ச்சியாக வைத்துவிட்டால் பிறகு கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்லை.

கோடையில் குழாய்த் தண்ணீரே சூடாக வரும்போது, கரைசலை ஆறவைக்க உள்ளே இறக்குகிற செப்புச் சுருளில் எவ்வளவு நேரம் அதை ஓட்டினாலும் 20 டிகிரிக்கு இறங்காது. குழாய்த் தண்ணீரால் 35 வரை இறக்கிவிட்டு, அதன்பிறகு ஒரு வாளி ஐஸ் தண்ணீரைச் சின்ன பம்ப் வைத்து அதே சுருளில் சுற்றவிடுங்கள். அதற்கும் பொறுமை இல்லையா, மூடிய வாளியில் அப்படியே விட்டு மறுநாள் காலை ஈஸ்ட் போடுங்கள். வாளி கிருமி நீக்கியதாக இருந்தால் ஓர் இரவில் எதுவும் ஆகிவிடாது. நொதிக்கும்போது வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, ஈரத்துணி சுற்றி, எதிரே ஃபேன் வைத்தால் சில டிகிரி குறையும். வெயில் நாட்டுக்காரர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. நார்வே பண்ணை வீடுகளில் தலைமுறைகளாகக் காப்பாற்றி வைத்திருந்த குவைக் என்ற ஈஸ்ட் 30 முதல் 40 டிகிரி வரை சுத்தமாக வேலை செய்யும். பனிநாட்டு ஈஸ்ட்டுக்கு நம் சித்திரை வெயில் பிடிக்கிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

கொட்டாதீர்கள். ஒரு மாதம் பாட்டிலில் கிடக்கட்டும், வாழைப்பழ வாசனை கொஞ்சம் தணியும். நெயில் பாலிஷும் தொண்டை எரிச்சலும் போவது கஷ்டம். ஒரு மாதம் கழித்தும் முகம் சுளிக்க வைத்தால் அப்போது கொட்டிக்கொள்ளலாம்.

கே: எங்கள் சித்தூர் தாலுகாவிலிருந்துதான் பல ஜில்லாவுக்கும் கள்ளு போகிறது. காலையில் இறக்கியது சாயங்காலம் புளித்துவிடுகிறது. பீர் மட்டும் எப்படி மாதக்கணக்கில் நிற்கிறது?
*(ஒரு வாசகி, பாலக்காடு சித்தூர்)*

இந்தக் கேள்விக்கு முதலிலேயே நன்றி சொல்லிவிடுகிறேன், சுத்தம் பற்றி எழுத இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பாளையைச் சீவியதும் சொட்டுகிற சாறு இனிப்பாகத்தான் இருக்கிறது. கலயத்தில் விழுந்த கணமே காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் சுவரிலும் இருக்கிற ஈஸ்ட் அதைப் பிடித்துக்கொள்ளும். கூடவே லாக்டிக் பாக்டீரியாவும் அசிட்டிக் பாக்டீரியாவும் வந்து சேரும். யாரும் யாரையும் தடுக்காத கூட்டம் அது. அதனால்தான் சில மணி நேரத்தில் கள், விட்டால் காடி. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிவிட்டால் காரத்தன்மை ஏறி அந்தக் கூட்டம் முடங்கிவிடும், சாறு பதநீராக நின்றுவிடும். மரமேறுபவர் கையில் இருக்கிற இந்த அறிவை நான் எந்த ஆய்வுக்கூடத்துக்கும் குறைவாக மதிக்க மாட்டேன்.

பீரில் ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கிறோம், பழைய கூட்டம் மொத்தமும் செத்துவிடும். ஹாப்ஸிலிருந்து வரும் கசப்பு அமிலம் லாக்டிக் பாக்டீரியாவைத் தலையெடுக்க விடாது. அசிட்டிக் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும், மூடி வைத்தால் அதற்கும் வழியில்லை. நாமாகப் போடும் ஈஸ்ட் ஒன்று மட்டும் உள்ளே தனியாக ஆள்கிறது.

ஆனால் கொதி அடங்கிய நொடியிலிருந்து இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் போய்விட்டது. ஆறிய பிறகு அதைத் தொடுகிற குழாய், கரண்டி, வாளி, மூடி, ஏன், கிளறும் கை கூடக் கிருமி நீக்கப்பட்டிருக்க வேண்டும். தேய்த்துக் கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. அழுக்கு ஒட்டியிருக்கிற இடத்தில் எந்த மருந்தும் வேலை செய்யாது, அதனால் இரண்டையும் செய்ய வேண்டும், இந்த வரிசையில். பிளாஸ்டிக் வாளியை இரும்பு நாரால் தேய்க்காதீர்கள், அந்தக் கீறல்தான் பாக்டீரியாவுக்கு வீடு. புளித்துப் போச்சு என்று வந்த கடிதங்களை எல்லாம் வரிசையாகப் படித்துப் பார்த்தேன். முக்கால்வாசியிலும் வில்லன் வாளியின் அடியில் இருக்கிற குழாய்த் திருகுதான், அதைக் கழற்றிக் கழுவலாம் என்றே பலருக்குத் தோன்றவில்லை. கழற்றுங்கள்.

கே: சார், குப்பத்திலிருந்து தினமும் ரயிலேறிப் பெங்களூர் போய் ஒரு ப்ரூபப்பில் வேலை கற்றுக்கொள்கிறேன். கோதுமை பீர் போட்ட அன்று மாஷ் (சுடுதண்ணீரில் ஊறும் தானியக் கலவை) அடைத்துக்கொண்டு ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. வால்வை முழுசாகத் திறந்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. சீனியர் எல்லார் முன்னாலும் திட்டினார்.
*(ஒரு வாசகர், குப்பம்)*

திட்டினதை விடுங்கள், இது எல்லா ப்ரூயரிக்கும் வருகிற சங்கடம்.

பார்லிக்கு உமி உண்டு, அந்த உமிதான் அடியில் படிந்து வடிகட்டியாக நிற்கிறது. கோதுமைக்கு உமி இல்லை, மாவும் பிசினும்தான் உண்டு. வால்வை முழுசாகத் திறந்ததும் கீழே உறிஞ்சல் அதிகமாகி, தானியப் படுகை அப்படியே அமுங்கி இறுகிவிட்டது. அடைத்தால் முதல் வேலை வால்வை மூடுவது. கீழ்ப்பக்கமிருந்து சுடுதண்ணீரை ஏற்றிப் படுகையைத் தூக்கிவிடுங்கள், அல்லது மேலாக, சல்லடைத் தட்டைத் தொடாமல் கிளறுங்கள். பத்து நிமிடம் அசையாமல் விட்டு, பிறகு நூல்போலத் திறந்து, தெளிவாக வரும் வரை வடிவதை மேலேயே திரும்ப ஊற்றிக்கொண்டிருங்கள். சூட்டையும் பாருங்கள். மாவு சர்க்கரையாக மாறுவதற்கு 65 முதல் 68 டிகிரி சரி, வடிக்கும்போது 76க்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கரைசல் இளகி ஓடும்.

அடுத்த முறைக்கு நம் ஊர் ரைஸ் மில் உமியே போதும். கழுவி, கொதிநீரில் அலசி, நூறு கிலோ தானியத்துக்கு மூன்று முதல் ஐந்து கிலோ கலந்துவிடுங்கள். சுவையில் எதுவும் தெரியாது. சீனியர் என்றைக்காவது ராகி மால்ட் போடலாம் என்று சொன்னால் உமியை இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள், ராகி பொடிசு, சல்லடைக் கண்ணிலேயே போய் உட்காரும். அரிசி சேர்ப்பதாக இருந்தால் தனியாகக் குழைய வேகவைத்துத்தான் சேர்க்க வேண்டும், மாஷ் சூட்டில் அதன் மாவு சரியாகத் திறக்காது.

கே: அண்ணே, போட்ட இஞ்சி சோடாவை அம்மா பழைய ஜூஸ் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைத்திருந்தார்கள். ராத்திரி ஒன்று வெடித்துக் கண்ணாடி அடுப்படி முழுக்கத் தெறித்துவிட்டது. நல்லவேளை யாரும் இல்லை. மிச்சம் மூன்று பாட்டில் அப்படியே இருக்கிறது, தொடப் பயமாக இருக்கிறது.
*(ஒரு வாசகர், குமுளி)*

பயப்படுவது சரிதான், அந்தப் பயத்தோடே செய்யுங்கள். கண்ணாடியோ ஹெல்மெட்டோ போட்டுக்கொண்டு, தடித்த கையுறையோடு, கனமான ஈரத்துண்டை மூன்றின்மேலும் போர்த்துங்கள். அசைக்காமல் ஐஸ் வாளிக்கு மாற்றி, நன்றாகக் குளிர்ந்த பிறகு, துண்டு மேலே இருக்கும்போதே மூடியைத் துளித்துளியாகத் தளர்த்துங்கள். குளிரில் வாயு திரவத்திலேயே அதிகம் கரைந்து நிற்கும், அழுத்தம் குறையும்.

கணக்கு இதுதான். ஒரு லிட்டரில் நாலு கிராம் சர்க்கரை நொதித்தால், அந்தத் திரவத்தின் அளவுக்குச் சமமான கார்பன் டை ஆக்சைடு வருகிறது. பீருக்கு இரண்டரை மடங்கு போதும். முழுசாக நொதித்து முடிந்த பீரில் லிட்டருக்கு ஆறு ஏழு கிராம்தான் போடுவார்கள், மிச்ச வாயு முன்பே கரைந்திருக்கும். இஞ்சி சோடாவில் ஒரு கைப்பிடி சர்க்கரை நொதிக்காமல் அப்படியே உள்ளே இருக்கிறதே, அது முழுக்க வாயுவானால் எந்தப் பாட்டில் தாங்கும்? ஜூஸ் பாட்டில் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதே இல்லை.

அம்மாவிடம் சொல்லுங்கள், இனிமேல் கூல்டிரிங்க்ஸ் வருகிற பெட் பாட்டிலில் மட்டும் ஊற்றட்டும். தினமும் இரண்டு தடவை அமுக்கிப் பார்க்கட்டும், கல்லுபோல இறுகியதும் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும், சில நாளில் குடித்தும் தீர்த்துவிட வேண்டும். வெளியில் வைத்திருந்தால் ஆல்கஹாலும் ஏறிக்கொண்டே போகும், அப்புறம் முதல் கேள்விக்குச் சொன்ன சட்டம் இதற்கும் வரும். பக்கத்துக் கம்பத்துப் பன்னீர் திராட்சையைச் சாறாகப் பிழிந்து அன்றைக்கே குடியுங்கள், அதை நொதிக்க வைக்கும் யோசனை வேண்டாம்.

கே: நகரிப் பக்கம்தான் சொந்த ஊர், நியூஜெர்சியில் இருக்கிறேன். ஈஸ்ட் போட்டு ஒரு நாள் முழுக்க ஆகிறது, வாயு வெளியேற மூடியில் வைக்கிற ஏர்லாக்கில் ஒரு குமிழ்கூட இல்லை. காய்ச்சிய அன்று, கரைசலின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் ரீடிங் எடுக்கவும் மறந்துவிட்டேன். இன்னொரு பாக்கெட் ஈஸ்ட் போடட்டுமா?
*(ஒரு வாசகர், நியூஜெர்சி)*

இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். ஈஸ்ட் முதலில் தன் கூட்டத்தைப் பெருக்கிக்கொள்ளும், அதற்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம், அறை குளிராக இருந்தால் நிச்சயம் ஆகும். ஏர்லாக்கை நம்பாதீர்கள். வாளி மூடி கொஞ்சம் லூசாக இருந்தால் வாயு அந்த வழியாகவே போய்விடும், குமிழே வராமல் பீர் தயாராகிவிடும்.

ரீடிங் மறந்ததற்கும் வழியிருக்கிறது. மால்ட் எக்ஸ்ட்ராக்ட் கிட் என்றால் டப்பாவில் சொன்ன அளவுக்குத் தண்ணீர் சேர்த்தீர்களா என்று மட்டும் பாருங்கள், சேர்த்திருந்தால் செய்முறைத் தாளில் போட்டிருக்கும் எண்ணையே ஆரம்ப ரீடிங்காக வைத்துக்கொள்ளலாம். அது 1.050 என்று வைத்தால், முடிவில் 1.010க்குப் பக்கத்தில் வந்து மூன்று நாள் அசையாமல் நின்ற பிறகுதான் பாட்டில். மேலேயிருக்கும் குமுளிக் கடிதத்தை இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் கிருமி நீக்கிய குழாயால் கொஞ்சம் எடுத்து ரீடிங் பாருங்கள். எடுத்ததை வாளியில் திரும்ப ஊற்றாமல் வாயில் வைத்துப் பாருங்கள். எண் இறங்கி இனிப்பும் குறைந்திருந்தால் ஈஸ்ட் வேலையில் இறங்கிவிட்டது, மூடியை மறுபடி திறக்காதீர்கள். அப்படியே இருந்தால் புதுப் பாக்கெட்டை உடைத்துப் போடுங்கள், அதற்கு முன் அதன் மேலிருக்கும் காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள்.